மஜீதின் எட்டாவது எண்

ராயபுரத்தில் கோணி தைத்துப் பிழைத்த சாபிராவுக்குப் பெருமை என்று இருந்தது தம்பி மஜீது ஒருவன்தான். துறைமுகக் கிடங்கில் சரக்கு எண்ணும் வேலை அவனுக்கு. எந்த எண்ணைக் கண்டாலும் உடைத்துப் பார்ப்பான். தன்னையும் ஒன்றையும் தவிர எதனால் வகுத்தாலும் மீதி விழுகிற எண்தான் பகா எண் என்று அக்காவுக்கும் சொல்லி வைத்திருந்தான்.

31 பகா எண். முன்னால் ஒரு மூன்றைச் சேர்த்தால் 331, அதுவும் உடையாது. 3331, 33331 என்று சேர்த்துக்கொண்டே போனான். ஏழாவதான 33333331 ஓராண்டின் விடுமுறைகளைத் தின்றுவிட்டது. ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுக்க வேண்டும். அதற்கு மேலே உள்ள ஒன்று மீதியில்லாமல் வகுத்தால், அதோடு பெருக்குகிற சின்ன ஜோடி முன்பே அகப்பட்டிருக்கும். நான்காம் வகுப்போடு நின்ற சாபிரா ஒவ்வொரு கணக்கையும் திருப்பிப் பெருக்கிச் சரிபார்த்தாள்.

"இன்னா சாபிரா, உன் தம்பி மூணு மூணா எழுதிக்கினே கீறான்? அவனுக்கு நாலு தெரியாதா?" என்று பக்கத்து வீட்டுக் கெங்கம்மா சீண்டுவாள்.

"ஏழு நம்பரு உடையல. உன் வூட்டுக்காரர உடைச்சிக் காட்டச் சொல்லு பாப்போம்."

ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டான் மஜீது. ஏழாவது முடிந்தபோது காசநோய் அவனைப் படுக்கையில் தள்ளியிருந்தது. அது 1951. இனி மருந்தால் பயனில்லை என்று டாக்டர் சாபிராவிடம் சொல்லிவிட்டார்.

"எட்டாவத நீ போடுக்கா. அதுவும் நின்னுச்சின்னா, இதுக்கு முடிவே இல்லன்னு நம்பிக்கினே பூடுவேன்."

அவள் பலகையில் 333333331 என்று எழுதினாள்.

"ஏழு?"

"மீதி ரெண்டு."

"பதினொண்ணு?"

"ஒண்ணு."

"பதிமூணு?"

"ஆறு."

"பதினேழு?"

அவள் வகுத்தாள். அழித்துவிட்டு மறுபடியும் வகுத்தாள். மீதி எதுவும் விழவில்லை. ஐந்து என்றோ ஒன்பது என்றோ சொல்லிவிடலாம். எழுந்து பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. ஆனால் ஊரே அவனை நோயாளியாகப் பார்த்த நாளில், கணக்குக்காரனாகப் பார்க்க அவள் ஒருத்திதான் மிச்சம். பொய் சொன்னால் அதுவும் போய்விடும்.

"இன்னாக்கா, வாய்ல கொழுக்கட்டையா?"

"மீதி இல்லடா."

"நல்லா பாத்தியா?"

"ரெண்டு தபா பாத்தேன்."

அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். "பதினேழுலயேவா? ஒரு நூறாச்சும் தாண்டியிருக்கலாம்." சிரிக்கப் போனவனை இருமல் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவன் எண்ணைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் கேட்டான். ஜன்னலைச் சாத்தச் சொன்னான்.

அந்த வாரமே போய்விட்டான். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் ஆண்கள் அவன் உடலைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டோடு நின்றார்கள். சாபிரா உள்ளே போய்ப் பலகையை எடுத்தாள். தன் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று வாழ்நாளில் முதல்முறையாக வேண்டிக்கொண்டு, மறுபடியும் பதினேழால் வகுக்கத் தொடங்கினாள்.

மீதி விழவில்லை.