தீவில் குறைந்துபோன காற்று

என் கணவருக்குக் காற்றை அளக்கும் உத்தியோகம். எழுபதுகளில் கல்யாணமாகி கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில், இதைக் கேட்டு என் தங்கைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தினமும் காலையில் படகுத்துறையில் படகு ஏறி எதிரே இருக்கும் வெலிங்டன் தீவுக்குப் போவார். அங்கே உயரமான கம்பத்தின் உச்சியில் ஒரு கருவி. கீழே அறைக்குள் ஒரு பேனா தாளில் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். காற்று திடீரென்று ஓங்கி அடித்தால் கோடு விருட்டென்று மேலே எழும். அந்த உச்சிகளைக் குறித்துவைப்பது அவர் வேலை.

எனக்கோ காற்று என்றாலே ஆகாது. ஓட்டு வீடு. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் வரும் காற்று சொல்லிக்கொண்டா வருகிறது? தென்னை தலையை உதறியதும், ஓடிப்போய்த் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறை உத்தரத்துக்கு அடியில் நின்றுவிடுவேன். காற்று அடங்கிய பிறகும் குழந்தையைக் கீழே விடமாட்டேன். அவர் சாயா குடித்தபடி கேலி செய்வார்.

"காத்துப் பைத்தியம் பிடிச்சிருக்கு ஒனக்கு."

"காத்துக்கே வாழ்க்கைப்பட்டா பின்னே என்ன பிடிக்கும்?"

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார். வருஷா வருஷம் தீவில் அந்த உச்சிகள் தாழ்ந்துகொண்டே வந்தன. பசிபிக் சமுத்திரம் சூடானால் நம் ஊர்த் தென்மேற்குக் காற்றுக்கு வலு குறையும் என்று ஆபீசில் பேசிக்கொள்வார்களாம்.

"எங்கயோ கெடக்கற கடல் சூடானா நம்மாத்து ஓடு பறக்காதாக்கும்?"

"சிரிக்காதே. மழை பொய்ச்ச வருஷம் காத்தும் படுத்துடுத்தோல்லியோ?"

"செரி. போன வருஷம் மழை கொட்டித் தீத்ததே. அப்பவும் கொறஞ்சுதுன்னேளே?"

பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் மழைக்கு முன்பே மேற்குப் பக்கத்து ஓடுகளைக் கம்பி போட்டுக் கட்டிவிடுவது வழக்கம். அந்த வருஷம் ஆசாரி வாசலில் வந்து நின்றபோது இவர், "இந்தத் தடவை வேண்டாம், காத்து கொறஞ்சுண்டு வறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தெருவிலேயே காற்றை அளப்பவர் வீட்டு ஓடுதான் கட்டாமல் கிடந்தது. சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன். மனுஷர் அசைந்தால்தானே!

மழை பிடித்த முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வானம் ஒரேயடியாக இருட்டியது. தென்னை உதறியது. நான் தொட்டிலில் கையை விட்டேன்.

"இப்பத்தான் கண்ணசந்தா. விட்டுடு."

"போங்கோன்னா!"

சமையலறை நிலைப்படியைத் தாண்டியிருப்பேன், பின்னால் சடசடவென்று சத்தம். திரும்பினால் கூரையில் வானம் தெரிந்தது. இவர் கையில் பேப்பரோடு மழையில் நனைந்துகொண்டு தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழு ஓடு தொட்டிலுக்குள் கிடந்தது. குழந்தை என் தோளில் அழுதாள். நானும் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் தீவிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"நேத்து அங்கே பெரிசா ஒண்ணும் அடிக்கல. கோடு பாதிகூட ஏறல."

பிறகு மெல்லச் சொன்னார். கம்பத்தடியில் நின்று, காற்று வரும் மேற்குத் திசையைப் பார்த்தாராம். வேலைக்குச் சேர்ந்தபோது இடுப்பளவு நின்ற தூங்குமூஞ்சி மரங்கள் இப்போது கம்பத்தைத் தொடும் உயரம். அவற்றின் பின்னால் புதிய குடோன் ஒன்று. அந்த மர நிழலில்தான் சில வருஷமாக தினமும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

"கடலும் கொறச்சிருக்கும், மரமும் கொறச்சிருக்கும். எது எவ்வளவுன்னு எப்படிடீ பிரிக்கறது?"

"அதை அப்பறம் பிரிங்கோ. மொதல்ல ஆசாரியைக் கூப்பிடுங்கோ."

ஓடு கட்டியாயிற்று. கம்பத்தை இடம் மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அந்த மழைக்காலம் முழுக்க, அவர் வீட்டில் இருக்கும்போது தென்னை உதறினால் நான் பதறி ஓடுவேன். தொட்டில் காலியாக இருக்கும். ஒரு நொடி என் உயிரே போய்விடும். பார்த்தால், சமையலறை உத்தரத்துக்கு அடியில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நின்றிருப்பார்.