பட்டனில் சொருகிய தீக்குச்சி

ஒரகடத்தில் நான் ஓட்டும் பிரஸ் மெஷின் பழையது. இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அமுக்கினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. எங்கள் லைன் மேதாவிகளான நாங்கள் ஒரு பட்டனில் தீக்குச்சியைச் சொருகி, அமுங்கியபடியே நிறுத்திவிடுவோம். ஒரு கை மிச்சமாகும், வேலை வேகமாக ஓடும். அதில் எனக்குக் கர்வம் வேறு.

ஷிப்ட் முடிந்ததும் குச்சியைப் பிடுங்க வேண்டும். ஒருநாள் கம்பெனி பஸ் போய்விடுமே என்று ஓடிவிட்டேன். அடுத்த ஷிப்டுக்கு வந்த நண்பன் அச்சைத் துடைக்கும்போது அவனுடைய இடது கை மற்ற பட்டனில் பட்டது. வலது கையில் இரண்டு விரல் போனது.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எல்லார் பாக்கெட்டிலும் தீக்குச்சி இருந்தது. கேண்டீனில் எங்கள் லைன் ஆட்கள் பத்து பேரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டோம்.

எங்கள் மனசைத் தேற்ற கம்பெனியில் ஒரு கவுன்சிலிங் மேடத்தை வரவழைத்தார்கள். "கண்ணை மூடி மூச்சை இழுங்க" என்றார். ஷிப்ட் முடித்து வந்தவர்கள் மூன்றாவது மூச்சில் குறட்டை விட்டார்கள். நான் தூங்குவதுபோல் நடித்தேன். கண்ணைத் திறந்தால் ஏதாவது கேட்பாரே.

பிறகு முதுகு வலி என்று பொய் சொல்லி பேக்கிங்குக்கு மாறினேன். சண்டைக்காரன் என்று பெயரெடுத்த நான் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினேன். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அச்சு இறங்கும் சத்தம்போல் கேட்டு, இரண்டு கையையும் அக்குளில் ஒளித்துக்கொள்வேன்.

"இன்னாய்யா, குக்கர் உன் கையையா கேக்குது? சோறு வெந்துச்சின்னு சொல்லுது" என்பாள் மனைவி.

மூன்று மாதம் கழித்து நண்பன் ஸ்டோர் வேலைக்குத் திரும்பினான். என்னைத் தேடி பேக்கிங்குக்கு வந்தான். மூன்று மாதமாக பஸ்ஸில் மன்னிப்பு ஒத்திகை பார்த்தவன் நான். வாயில் வந்தது, "சாப்ட்டியா?"

"குச்சி உன்னுதுன்னு அன்னிக்கே தெரியும்டா. நானுந்தான் சொருகுவேன், உன்ன இன்னா கேக்கறது? ஆனா வெரலு போனது எனுக்கு. நீ இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற?"

சட்டையைப் பிடித்து லைனுக்கு இழுத்துப் போனான். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "அந்தக் குச்சி நான் வெச்சது" என்றேன். குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது.

"நாங்க வெக்கலையா இன்னா?" என்றான் பக்கத்து மெஷின்காரன். "வந்து நில்லு."

இரண்டு கையையும் பட்டன் மேல் வைத்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறடா! மேடம் க்ளாசா நடக்குது?" என்றான் அந்தக் கதையைக் கேள்விப்பட்டிருந்த நண்பன்.

பத்து பேரும் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் முதல்முறை. நான் அமுக்கினேன். பீஸ் கோணலாக வந்தது. தூக்கிக் குப்பையில் போட்டோம்.

இப்போதெல்லாம் ஷிப்ட் மாறும்போது, போகிறவனும் வருகிறவனும் சேர்ந்து இரண்டு பட்டனையும் அமுக்கிப் பார்த்த பிறகுதான் கிளம்புகிறோம். இதனால் இரண்டு தடவை பஸ்ஸை விட்டேன். சிங்கப்பெருமாள் கோவில் வரை ஷேர் ஆட்டோவில் நசுங்கியபடி எல்லாரையும் திட்டிக்கொண்டே போனேன்.