பின்னால் வந்து மூத்தவரான ஜெபசெல்வி

ஆரல்வாய்மொழியில் என் கிளினிக்கில் காலை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐசக்கின் அழைப்பு வந்தது. கர்னல் டாக்டர் ஜெபசெல்வியின் தம்பி அவர். "சார், அக்கா இண்ணைக்குக் காலத்த போயிட்டா. வலி ஒண்ணும் இல்லாமத்தான் போனா. அடக்கம் நாளைக்கு மூணு மணிக்கு," என்றார். வரிசையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன். ஜெபசெல்வியும் அப்படித்தான் செய்திருப்பார்.

அடக்க ஆராதனையில் என்னைப் பேசச் சொன்னார்கள். தேர்ந்த மயக்க மருந்து நிபுணர், நேர்மையான ராணுவ அதிகாரி என்று ஐந்து நிமிடம் பேசினேன். பேசியதெல்லாம் உண்மை. ஆனால் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அவரை அறிந்தவர்கள் படிக்கட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் சந்தித்தது வடக்கே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிறிய ராணுவ மருத்துவமனையில். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு படையில் சேர்ந்த நான் அங்கே ஒன்றரை ஆண்டுகளாக கேப்டனாக இருந்தேன். மயக்கவியலில் எம்.டி. முடித்துவிட்டு அவரும் கேப்டனாகவே வந்து சேர்ந்தார். முதல் நாள் அவர் அடித்த சல்யூட்டில் முழங்கை தொங்கியது. யாரோ சிரித்தார்கள். "இது ஒரு வாரத்தில் சரியாகிவிடும்," என்று ஆங்கிலத்தில் சொன்னவர், தியேட்டரில் எத்தனை ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறது என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று மாலை என் ஊரை விசாரித்தார். சொன்னேன். "நான் தேங்காய்ப்பட்டணம் பக்கம். ஒரே ஜில்லாண்ணு வெளியில சொல்லாண்டாம், கேட்டியளா. நமக்குள்ள சலுகை இருக்குண்ணு சொல்லுவானுவ," என்றார்.

சலுகை காட்ட எனக்கு மனம் வரவில்லை. காரணம், ராணுவ மருத்துவர்களுக்கான ஒரு விதி. படையில் சேரும் முன்பே முதுநிலைப் பட்டம் வாங்கியிருந்தால், படித்த காலத்தில் ஒரு பகுதியைப் பணிக்காலமாக எண்ணி, சேர்ந்த தேதியையே முன்னதாக வைத்துவிடுவார்கள். அதற்கு 'ஆன்ட்டி டேட்' என்று பெயர். பின்னால் வந்த ஒருவர், காகிதத்தில் உங்களுக்கு முன்னால் வந்தவராகிவிடுவார். ஜெபசெல்வியின் பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகம் இன்னும் கொடுக்காததால், சேரும்போது அந்த மூப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. சில மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. நகலை இணைத்துத் தலைமையகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்.

மருத்துவமனையின் அலுவலகப் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வந்தது. அது போய்ச் சேர்ந்தால் அவர் எனக்குச் சில மாதம் மூத்தவர். கட்டளை அதிகாரி இல்லாத நாட்களில் பொறுப்பு அவருக்குப் போகும். அதைவிட, ஊரில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். விண்ணப்பத்தைப் பதிவேட்டில் ஏற்றாமல் இழுப்பறையில் வைத்தேன். மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது.

ஒரு முற்பகலில் படை வண்டி ஒன்று பள்ளத்தில் உருண்டு, அதன் ஓட்டுநரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாடை நொறுங்கியிருந்தது. கட்டளை அதிகாரி விடுப்பில் இருந்தார். பெரிய மருத்துவமனை இரண்டு மணி நேரத் தொலைவு. ஆம்புலன்ஸைக் கிளப்பச் சொன்னேன். ஜெபசெல்வி குறுக்கே வந்து நின்றார்.

"இப்பிடியே ஏத்துனா வழியிலயே போயிருவான். ரத்தம் தொண்டைக்குள்ள எறங்குது. பத்து நிமிஷம் தாங்க, மூச்சு விட ஒரு குழாய் போட்டுட்டு அனுப்பலாம்."

"இங்க வச்சு ஏதாவது ஆச்சுண்ணா? பொறுப்பு எனக்குல்லா," என்றேன்.

"செரி. நீங்க சீனியர். ஏத்தச் சொன்னா ஏத்துதேன். ஆனா நான் வேண்டாம்ணு சொன்னத மணியோட எழுதி வச்சிட்டுத்தான் ஏத்துவேன்."

சொன்னபடியே பேனாவைத் திறந்தார். அவருடைய விண்ணப்பம் என் இழுப்பறையில் கிடப்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். முறைப்படி நடந்திருந்தால் அந்த முடிவு அவருடையது. "போடுங்க," என்றேன்.

பத்து நிமிடத்தில் முடியவில்லை. முதல் முறை குழாய் இறங்கவில்லை. இரண்டாம் முறையும் இறங்கவில்லை. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தொண்டையில் இறங்கிய ரத்தத்தை நான் உறிஞ்சு குழாயால் எடுத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் முறை இறங்கியது. ஓட்டுநர் பிழைத்தார். சில மாதம் கழித்து வண்டி ஓட்டத் திரும்பி வந்தார்.

அன்று பிற்பகலே விண்ணப்பத்தை எடுத்து, அன்றைய தேதியில் பதிவேட்டில் ஏற்றி அனுப்பினேன். அடுத்த வாரம் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அவர் என் அறைக்கு வந்தார்.

"இது நான் தந்த தேதி இல்லையே?"

"மறந்து போச்சு," என்றேன்.

"மறந்தவன் ரெஜிஸ்டர்ல ஏத்திட்டு மறப்பான். நீங்க அண்ணைக்கு ஏத்தவே இல்ல." அவ்வளவுதான். யாரிடமும் புகார் செய்யவில்லை.

ஆணை வந்தது. அவர் எனக்கு மூத்தவரானார். மறுநாள் காலை நான் சல்யூட் அடித்தேன். சரியான முழங்கையோடு திருப்பி அடித்தார். பிறகு கட்டளை அதிகாரி மாற்றலாகிப் போனார். புதியவர் வரத் தாமதமானதால் பொறுப்பு ஜெபசெல்வியிடம் வந்தது. என் வேலையை மதிப்பிடும் ஆண்டறிக்கையை எழுத வேண்டியவரும் அவரே ஆனார். எழுதியதைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது வழக்கம். நிறைகளுக்கு நடுவே ஒரு வரி இருந்தது. "தன்னைப் பாதிக்கும் காகிதங்களை இவர் தாமதப்படுத்துகிறார்." அதற்கு அடுத்த வரி, "நோயாளி விஷயத்தில் தன் முடிவை மாற்றிக்கொள்ளத் தயங்குவதில்லை."

அந்த ஆண்டு எனக்கு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த வரிதான் காரணமா என்று உறுதியாகத் தெரியாது. நான் அப்படித்தான் நம்பினேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் மதியம் உணவுக்கூடத்தில் வேறு நாற்காலிகள் காலியாக இருந்தும் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "அந்த ஊறுகாய இங்கோட்டுத் தள்ளுங்க," என்றார். தள்ளினேன். அதிலிருந்து பேசத் தொடங்கினோம்.

அடுத்த ஆண்டு எனக்கு இடம் கிடைத்தது. நானும் எம்.டி. ஆனேன். ஆனால் சேர்ந்த பிறகு படித்த படிப்புக்கு ஆன்ட்டி டேட் கிடையாது. பட்டம் ஒன்றுதான், படித்த காலமும் ஒன்றுதான், எனக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை. பல ஆண்டு கழித்து அவரிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "நான் படிச்சப்போ எனக்கு யாரும் சல்யூட் அடிக்கல. நீங்க படிச்சப்பவும் ஒங்களுக்கு அடிச்சானுவ. செரியாப் போச்சுல்லா?" கடைசியில் அவர் கர்னலாகவும் நான் லெப்டினன்ட் கர்னலாகவும் ஓய்வு பெற்றோம்.

இரண்டு மாதத்துக்கு முன் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து தன் ஸ்கேன் படங்களைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன நாள்ணு நீங்க சொல்லாண்டாம். நான் பாத்துட்டேன்," என்றார். ஐசக் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அப்போது கேட்டேன்.

"மேடம், அந்த லெட்டர் விசயம். நான் ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்கவே இல்ல."

"இப்ப கேக்கியளா?"

"ஆமா."

அவர் படங்களை உறையில் போட்டார். "அத நான் அந்த வருசமே ரிப்போர்ட்டுல எழுதியாச்சே. எழுதுனதோட எனக்கு அது தீந்துது. நீங்கதான் இத்தன வருசம் தூக்கிட்டு நடக்கிய," என்றார். பிறகு, "சாயா ஆறுது, குடிங்க," என்றார்.

ஒருவர் செய்த பிழையை அவர் முகத்துக்கு நேரே, அதன் அளவுக்கு மட்டும் எழுதுவது. எழுதிய பின் அதே மனிதருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது. ஜெபசெல்வியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். முதல் பாதி எனக்கு ஓரளவு பழகிவிட்டது. இரண்டாவது இன்னும் வரவில்லை.