சேற்றில் உட்கார்ந்த பாய்மரப் படகு

தொண்ணூற்று ஏழில் அமெரிக்காவில், சான் ஹோசேயில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே சாப்பிட வரும் ஒரு இஞ்சினியர், நெற்றியில் விபூதியும் மார்பில் லைஃப் ஜாக்கெட்டுமாக, ஒரு சனிக்கிழமை என்னைத் தன் சின்னப் பாய்மரப் படகில் அழைத்துப்போனார். ராகு காலம் முடியட்டும் என்று பத்தரை வரை கரையிலேயே உட்கார வைத்தார். கிளம்பிய சற்று நேரத்தில் அன்றாட ஓதம் இறங்கிக் கடல் நீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மறுபடி தண்ணீர் ஏறச் சாயங்காலமாகும்.

"நாலு மணிக்கு நான் போகலேன்னா வேலை போயிடும் அங்கிள். ராகு காலம் பாத்தீங்களே, தண்ணி வத்தற டைம் பாக்கலியா?"

"அதைப் பாக்கலேப்பா. ஆனா ராகு காலத்துல கெளம்பியிருந்தா நடுக்கடல்ல மாட்டியிருப்போம். இப்போ கரைக்குப் பக்கத்துலயே சேஃபா மாட்டியிருக்கோம் பாரு" என்று தயிர்சாதத்தைப் பிரித்துப் பெரிய பங்கை என்னிடம் நீட்டினார்.

வேலை போய்விட்டது. ஆனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் படகைத் தள்ளிவிட நானே போய் நின்றேன்.