செவலைக்கு உடம்பு சரியாகக் கூடாது

அடிபட்ட தெருநாயைத் தூக்குகிறவனை நாய் கடிப்பது அபூர்வம், சுற்றி நிற்கிற மனிதர்கள்தான் கடிப்பார்கள். நீங்களும் என்றைக்காவது ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டவராக இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாம் ஒரே கட்சி. எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே, அடிபட்ட நாய்களுக்கான தரும சங்கம் ஒன்றுக்குச் செயலாளராக இருந்து நான் பட்ட பாட்டில் கொஞ்சத்தைச் சொல்கிறேன்.

பதவி வந்த விதம்

முதல் ஷிப்டு பஸ்ஸுக்கு எங்களோடு ஒரு செவலை நாயும் ஸ்டாப்புக்கு வரும். யாருடைய நாயும் இல்லை. எல்லோருடைய சாப்பாட்டுப் பையையும் மோந்து பார்த்துவிட்டு, பஸ் கிளம்பியதும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். ஒருநாள் பஸ்ஸைப் பின்னால் எடுத்தபோது அதன் இடது பின்னங்காலில் சக்கரம் ஏறிவிட்டது.

ஸ்டாப்பில் இருந்த அத்தனை பேரும் "ஐயோ பாவம்" என்றார்கள். நான் மட்டும் புத்தியில்லாமல் குனிந்து, என் சாப்பாட்டுப் பையின் நாடாவை அவிழ்த்து அதன் வாயைக் கட்டித் தூக்கினேன். தொப்புளைச் சுற்றிப் போடுவார்களே, அந்த நாய்க்கடி ஊசி தூக்கிய பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. கூட்டம் மரியாதையாக விலகி வழிவிட்டது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"உங்க நாயை ஓரமா எடுத்துக்குங்க சார், இத்தினி பேருக்கு ஷிப்டு லேட் ஆவுது."

புடவை தானம்

கால்நடை டாக்டர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். கட்டு மாற்ற மெத்தென்ற பழைய நூல் துணி வேண்டும் என்றார். பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி இதைக் கேள்விப்பட்டு உருகி, ஒரே வாரத்தில் சங்கம் ஆரம்பித்துத் தானே தலைவியானார். சமூகக் கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த சைக்கிள் ஷெட்டையும் வாங்கிக் கொடுத்தார். நாயைத் தூக்கிய குற்றத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

துணி கேட்டு பிளாக் முழுக்க நடந்தேன். வந்ததெல்லாம் நைலக்ஸ் புடவைகள். கட்டினால் வழுக்கிக்கொண்டு கணுக்காலுக்கு வந்துவிடும். கடைசியில் ஒரு வீட்டில் மட்டும் நல்ல சுங்குடிப் புடவை கிடைத்தது. கட்டிய மறுநாளே அந்த அம்மா ஷெட்டுக்கு வந்து, நாயின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் காலை மட்டும் உற்றுப் பார்த்தார்.

"இது என் புடவைதானே? எதிர் குவார்ட்டர்ஸ்காரி தன்னோடதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறா."

எலும்பு கூடும் சோறு

எலும்பு சூப் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தலைவி வீட்டிலிருந்து தினமும் வந்ததோ தயிர்சாதம், அதுவும் கடுகு, பெருங்காயம் தாளித்து. செவலை அதை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, பி.எஃப். லோன் கேட்டுப் போனபோது எங்கள் ஃபோர்மேன்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. சூப் விஷயத்தைத் தலைவியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஜீவகாருண்யத்துக்குன்னு சங்கம் வச்சுட்டு எலும்பு சூப்பா? ஆட்டுக்கு மட்டும் காலே கிடையாதா, செயலாளர்?"

குணமானதால் வந்த வினை

ஆனாலும் கால் கூடிவிட்டது. தயிர்சாதத்தால்தான் என்று தலைவி இன்றைக்கும் நம்புவார். நான் இருட்டியபின் கசாப்புக் கடைப் பொட்டலத்தோடு ஷெட்டுக்குப் போய்வந்தது அவருக்குத் தெரியாது. டாக்டர் கட்டைப் பிரித்ததும் செவலை தயங்கித் தயங்கி நாலு காலையும் ஊன்றி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன்.

அன்றே, பிளாக்கில் முறைவைத்துக் கொடுத்துவந்த பால் நின்றது. மறுநாள் தயிர்சாதமும் நின்றது. நொண்டுகிற நாயைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, ஓடுகிற நாயைப் பார்த்தால் ஏமாற்றமாக இருந்ததோ என்னவோ. போதாக்குறைக்கு, சுகாதார மேஸ்திரி கோவிந்தன் சைக்கிளில் வந்து இறங்கினார். பக்கத்திலிருக்கும் வடக்குத்து ஊர்க்காரர், நல்ல மனுஷர். நாய் வண்டி வரும்போது எதை ஏற்றலாம், எதை விடலாம் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஏறிய நாய் திரும்பியதில்லை. ஷெட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த செவலையை வருத்தத்தோடு பார்த்தார்.

"வைத்தியத்துல இருந்தா வுட்டுடுவோம் சார். இப்பிடி நல்லா ஓடிகினு இருந்தா அது தெருநாய்ங்க, காலையில வண்டி வந்தா ஏத்திருவாங்க."

தத்து கொடுக்கப் போனேன்

செவலையை வளர்க்க ஆள் தேடி அன்று சாயங்காலம் நான் படியேறாத வீடில்லை. புடவை கொடுத்த அம்மா வீட்டில் மாமியார் வந்திருந்தார், இன்னொரு ஜீவனுக்கு இடமில்லை. தலைவியின் பங்களாத் தோட்டத்தில் ரோஜாப் பதியன் போட்டிருந்தது. மற்றவர்கள், "மறுபடியும் அடிபட்டால் சொல்லுங்கள், கட்டாயம் உதவி செய்கிறோம்" என்றார்கள். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எங்களுடையது மாடி குவார்ட்டர்ஸ். என் மனைவி கோமதிக்கு நாய் என்றாலே நடுக்கம், சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து என்னையே வாசலில் கைகால் கழுவ வைத்துத்தான் உள்ளே விடுவாள். கோவிந்தன் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே முடிவைச் சொன்னாள்.

"அது உள்ள வந்துச்சுன்னா நான் ஊருக்குப் போயிருவேன், ஆமா."

கோமதி செய்த வைத்தியம்

விடிந்ததும் வண்டி வருவதற்கு முன்னால் ஷெட்டுக்கு ஓடினேன். கோமதி எனக்கு முன்னால் போயிருந்தாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தன் நூல் புடவையைக் கிழித்து செவலையின் பின்னங்காலில் மூங்கில் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். செவலையும் பழகிய நோயாளியாக ஒத்துழைத்தது. அவள் கடைசி முடிச்சைப் போடவும் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன். உடைந்தது இடது கால், கட்டு இருந்தது வலது காலில்.

கோவிந்தன் இறங்கி வந்தார். செவலையைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், புடவை நூல் ஒட்டியிருந்த கோமதியின் கையைப் பார்த்தார். முந்தின நாள் நாலு காலில் ஓடிய நாயைத் தன் கண்ணால் பார்த்தவர். கோமதி அவருக்கும் செவலைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். அவர் திரும்பி வண்டிக்காரரைப் போகச் சொல்லிக் கையசைத்தார்.

"கட்டு இருக்குதா இல்லியான்னுதாம்மா பாத்துகினு வரச் சொன்னாங்க, எந்தக் கால்ல இருக்கணும்னு யாரும் சொல்லலீங்க."

அதன்பிறகு நாலு கால்களிலும் மாற்றி மாற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு, எங்கள் நகரியத்திலேயே நல்ல ஆரோக்கியத்தோடு நெடுநாள் வாழ்ந்த நோயாளி என்ற பெருமையைச் செவலை பெற்றது.