முழுக்க என் கை

என் சித்திக்கு மறதி என்பது கிடையாது. ஒரு துணிக்கடைக்காரர் என்றோ ஒருநாள் கொஞ்சம் குறைத்து அளந்துவிட்டார். அதன் பிறகு அந்தக் கடை இருக்கும் நடைபாதையில் அவள் கால் வைத்ததில்லை. கொட்டுகிற மழையிலும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாகத்தான் போவாள். கடைக்காரர் போய்ச் சேர்ந்து, மகன் கடையை விற்று, அங்கே செல்போன் கடை வந்த பிறகும் அப்படித்தான்.

"கடைதான் மாறிடுச்சே சித்தி" என்றேன்.

"இடம் மாறலையே" என்றாள்.

இப்படிப்பட்டவளை ஏமாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று என் சித்தப்பா எப்படி நினைத்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சித்தி திரைச்சீலை தைப்பவள். விடுதிகள், மருத்துவமனை வார்டுகள், ஒன்றிரண்டு நாடக அரங்குகள் என்று வேலைக்குப் பஞ்சமில்லை. வீட்டின் முன்னறை முழுவதும் அவளுடைய வெட்டு மேஜை. அந்த மேஜை ஞாயிற்றுக்கிழமை மட்டும் சித்தப்பாவின் விமானங்களுக்கு.

சித்தப்பா தண்ணீர் வாரியத்தில் எழுத்தர். ஆனால் ஊருக்கு வெளியே, பயன்படாமல் கிடந்த பழைய ஓடுபாதையில் ரிமோட் விமானம் விடுகிறவர்கள் நடத்தும் சங்கத்தில் அவர் கேப்டன். யாரும் கொடுத்த பட்டமில்லை. ஒரு விமானியின் தொப்பியை எங்கிருந்தோ வாங்கிப் போட்டுக்கொண்டு போனார், பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் விடுவது பழைய ரக சாகச விமானங்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வடிவம், தக்கை போன்ற பால்சா மரத்தில் எலும்புக்கூடு, அதன்மேல் பட்டுத்துணி, விளக்கெண்ணெய் கலந்த எரிபொருளில் அலறும் சின்ன எஞ்சின். வானத்தில் வட்டமடித்து, உருண்டு, தலைகீழாகப் பறந்து காட்ட வேண்டும். நடுவர்கள் கீழே உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள்.

அந்தப் போட்டியில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. விடுகிறவரே விமானத்தைக் கட்டியிருக்க வேண்டும். மரம் அறுப்பதிலிருந்து துணி ஒட்டுவது வரை வேறு கை படக்கூடாது. போட்டியன்று காலையில் ஒவ்வொருவரும் தன் விமானத்தின்மேல் கை வைத்து, எல்லார் முன்னாலும் உறுதி சொல்ல வேண்டும். சித்தப்பா அதைக் கணீரென்று சொல்வார்.

"முழுக்க என் கை."

தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சித்தி பக்கத்தில் நிற்பாள்.

மரவேலையில் சித்தப்பா கெட்டிக்காரர்தான். ஆனால் துணி அவருக்கு வசப்படாது. பட்டுத்துணியை நனைத்து, இறக்கையின் வளைவுமேல் பரப்பி, நூல் ஓட்டம் நுனியிலிருந்து நுனிக்கு நேராக நிற்கும்படி விரலால் நீவி நீவி இழுக்க வேண்டும். ஓரங்களில் டோப் என்கிற நெடியடிக்கும் வார்னிஷைத் தடவி ஒட்ட வேண்டும். காய்ந்தால் மத்தளம்போல விறைக்கும். அதன்மேல் முகப்பவுடர் கலந்த டோப் ஒரு பூச்சு, தேய்ப்பு, மறுபடி பூச்சு. அவசரக்காரருக்கு ஆகாத வேலை. கல்யாணமான புதிதில் அவர் ஒட்டிய இறக்கையைப் பார்த்துச் சித்தி சிரித்துவிட்டாளாம். அதை உரித்துப் போட்டுவிட்டு அவளே ஒட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது. சங்கத்துக் கொட்டகையின் வெற்றியாளர் பலகையில் சித்தப்பாவின் பெயர் வருடத்துக்கு ஒரு வரியாக ஏறிக்கொண்டே போனது. "அந்த ஃபினிஷைப் பாருங்க, கண்ணாடி மாதிரி" என்று நடுவர்கள் சொல்லும்போது சித்தப்பா தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

முதல் தடவை அந்த உறுதிமொழியைக் கேட்டபோது சுருக்கென்றது என்று சித்தி பின்னால் சொன்னாள். "அப்புறம் பழகிடுச்சு. செருப்புக்குள்ள கல்லு இருந்தாலும் நடக்கறோம்ல, அந்த மாதிரி."

பிறகு ஒருநாள் காலை சித்தப்பா தன் ரிமோட் பெட்டிகளைச் சித்தியின் நல்ல துண்டுகளிலேயே சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். விமான உதிரிபாகக் கடை வைத்திருந்த பெண்ணோடு கடை மாடியில் குடியேறினார். ஒரே மகள் அதற்குள் வேலைக்கு வெளியூர் போயிருந்தாள். அழுவதற்குத் தோதாக வீடு காலியாகத்தான் இருந்தது. சித்தி அழவில்லை. தைக்க வேண்டிய வார்டுத் திரைகளைத் தைத்தாள்.

கட்டிலுக்குப் பின்னால் ஒரு விமானம் மட்டும் மிச்சமிருந்தது. மரவேலை முடிந்து, சிவப்புத் துணிக்காகக் காத்திருந்த எலும்புக்கூடு.

அதற்காக அவர் போன் செய்தார். நான் அன்று அங்கே இருந்தேன். சித்தி போனை மேஜையில் வைத்து, கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"அந்தச் செவப்பு ப்ளேனுக்கு மட்டும் துணி ஒட்டிக் குடுத்துடேன். உனக்கு என்ன, அரை நாள் வேலை."

நான் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாம் என்று கை நீட்டினேன். சித்தி தலையசைத்துத் தடுத்தாள்.

"ஒட்டறேன்" என்றாள்.

ஒட்டினாள். அவள் ஒட்டியதிலேயே அதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். அவர் ஆசைப்பட்ட அதே சிவப்பு, இறக்கையில் விரியும் வெள்ளைக் கதிர்கள். எடுத்துப்போக வந்தவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"குடுக்கறதா இல்லைங்க."

"நீ வச்சு என்ன பண்ணப் போறே? துணி காயப் போடுவியா?"

"பாக்கலாம்."

அவர் கத்திவிட்டுப் போனார். சித்தி கதவைச் சாத்திவிட்டு, லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னாள்.

லிஃப்ட் மெக்கானிக் அந்தச் சங்கத்துக்காரன், அவளைவிடப் பத்து வயது சின்னவன். சில வருடங்களுக்கு முன் அவன் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த நேரத்தில், இறக்கைக்குத் துணி ஒட்டியது அவனுடைய அண்ணன் என்று எழுந்து சொல்லி அவனைப் போட்டியிலிருந்து தூக்கியவர் சித்தப்பாதான். "துணி ஒட்டறதும் கட்டறதுதான். விதின்னா விதி" என்று அன்று முழங்கினார். சித்தி அப்போதும் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள்.

"எனக்கு விடக் கத்துக் குடு தம்பி. அடுத்த போட்டிக்கு நான் வரணும்" என்றாள்.

"கத்துக்கலாங்க்கா. ஆனா இது கேப்டன் அறுத்த கட்டை. உங்களை எடுத்துடுவாங்களே?"

"எடுக்கட்டும்."

அவன் விழித்தான். பிறகு அவளுடைய கணக்கு அவனுக்கு மெதுவாகப் புரிந்தது. "எல்லாத்துக்கும் நீங்கதான் ஒட்டினீங்கன்னு நேரா போய்ச் சொல்லிட வேண்டியதுதானே?"

"நான் சொன்னா, புருஷன் விட்டுட்டுப் போன வயித்தெரிச்சல்ல சொல்றான்னு போயிடும். அவர் வாயாலயே வரணும். அந்த வாயைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?"

அந்த வருடம் முழுவதும் அவள் கற்றுக்கொண்டாள். இரண்டு ரிமோட்டுகளை ஒரு வயரால் இணைத்து, அவள் தடுமாறினால் மெக்கானிக் வாங்கிக்கொள்வான். பயிற்சிக்கு வைத்திருந்த தெர்மாகோல் விமானம் எத்தனை முறை மூக்கு உடைந்ததோ தெரியாது. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும், புதியவர்கள் எல்லாரும் அங்கேதான் கோட்டை விடுவார்கள். சித்தி மட்டும் தடுமாறவில்லை. காலமெல்லாம் திரையைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுத் தைத்தவள் அல்லவா. ஆனால் தரையிறக்கம் அவளுக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. "பொத்துன்னு போடறீங்கக்கா, மாவு மூட்டையா அது?" என்பான் மெக்கானிக். எஞ்சினையும் மற்றவற்றையும் சிவப்பு விமானத்தில் அவனே பொருத்திக் கொடுத்தான். அவனுக்கும் உள்ளே ஒரு புகைச்சல் இருந்தது. அவன் மறைக்கவில்லை.

அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டதா என்று ஒருமுறை கேட்டேன், பறக்கவிடும் ஆனந்தத்தில் கோபம் கொஞ்சம் தணிந்திருக்குமோ என்ற நப்பாசையில்.

"பிடிச்சிருக்கு" என்றாள். "அதனால என்ன?"

போட்டி நாள் வந்தது. என் வேனில்தான் போனோம். உறுதிமொழிக்கு முன்னால், விரும்புகிறவர்கள் ஒரு சுற்று பறக்கவிட்டுப் பார்க்கலாம். சித்தி சிவப்பு விமானத்தைப் பாதையில் வைத்தாள். எஞ்சின் அலறியது. விமானம் எழும்பி, வெயிலில் ஒரு வட்டமடித்து, இரண்டு முறை உருண்டு, தலைகீழாக எங்களைக் கடந்து போனது. வெள்ளைக் கதிர்கள் எங்கள் பக்கமாக விரிந்து தெரிந்தன. கொட்டகையில் இருந்தவர்கள் டீ கிளாஸோடு வெளியே வந்துவிட்டார்கள். பொத்தென்றுதான் இறக்கினாள், ஆனால் எதுவும் உடையவில்லை.

சித்தப்பா உதிரிபாகக் கடைக்காரம்மாவை விட்டுவிட்டு ஓடிவந்தார். தொப்பி கோணலாக இருந்தது.

"அது என் ப்ளேன்."

தலைமை நடுவர் மருந்துக்கடைக்காரர், நிதானமான மனிதர். "அவங்க இன்னும் உறுதி சொல்லலை. வரிசை வரட்டும் கேப்டன்" என்றார்.

"வரிசை என்ன வரிசை? கட்டை அறுத்தது நான். இழைச்சது நான். இவ எப்படிப் போட்டிக்கு வரலாம்? இவ வெறும் துணி ஒட்டினவ."

எல்லாரும் சித்தியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்து, இறக்கையில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டாள். பிறகு ரொம்பப் பணிவாக, வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் குரலில் கேட்டாள்.

"துணி ஒட்டறது அவ்வளவு சின்ன வேலையாங்க?"

"பின்ன? என் ப்ளேன் எல்லாத்துக்கும் நீதான் ஒட்டினே. அதுக்காக நீ கட்டினதா ஆயிடுமா? மேஜை துடைச்சவ நான்தான் சமைச்சேன்னு சொல்ற கதையால்ல இருக்கு."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எல்லாத்துக்குமா, கேப்டன்?"

அப்போதுதான் சித்தப்பாவுக்கு உறைத்தது. "இல்ல... அப்பப்ப... கூடமாட ஒரு உதவி..."

"எங்கண்ணன் ஒட்டினதும் உதவிதான் சார்" என்றான் லிஃப்ட் மெக்கானிக், பின்னாலிருந்து.

சித்தப்பா சித்தியின் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்" என்கிற பார்வை. அத்தனை வருடங்களில் அவர் அவளிடம் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அவர் சொல்றது நிஜம்தாங்க" என்றாள் சித்தி. "முதல் வருஷத்துல இருந்து எல்லாத்துக்கும் நான்தான் ஒட்டினேன். இந்தக் கட்டையும் அவர் அறுத்ததுதான். என்னையும் எடுத்துடுங்க."

நடுவர்கள் கொட்டகைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். இருவரும் போட்டியிலிருந்து நீக்கம். கேப்டனின் பழைய வெற்றிகள் எல்லாம் ரத்து, கோப்பைகளைத் திருப்பித் தர வேண்டும், இரண்டு வருடம் போட்டிக்கு வரக்கூடாது. சித்தி "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு விமானத்தை வேனில் ஏற்றினாள். திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி வயிறார சாப்பிட்டாள். இவ்வளவு பசியோடு அவளை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் பலகையில் சித்தப்பாவின் பெயரைச் சுரண்டினார்கள். மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து, வேண்டுமானால் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து எழுதலாம் என்று சங்கத்தில் பேச்சிருப்பதாகச் சொன்னார்.

"அவர் பேர் இருக்கற பலகையில என் பேர் வேண்டாங்க" என்றாள். பலகை வெறுமையாகவே இருந்தது.

மகள் போனில் அழுதாள். "அப்பா அழுதாரும்மா. கோப்பையை எல்லாம் ஒரு சாக்குல போட்டுக் கொண்டு போய்க் குடுத்துட்டு வந்து அழுதாரு."

"எவ்வளவு நேரம்?"

மகள் போனை வைத்துவிட்டாள். பல மாதம் பேசவில்லை. சித்திக்கு அது வலித்தது. போன் மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் தையலை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். ஆனால் செய்தது தப்பென்று ஒரு நாளும் சொல்லவில்லை. எனக்கே ஒரு கட்டத்தில் அவள்மேல் பயமாகத்தான் இருந்தது. அவருக்கு அந்தத் தொப்பியை விட்டால் வேறு என்ன இருந்தது என்றும் தோன்றும். சித்தியிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

தடைக்காலம் முடிந்து சித்தப்பா மறுபடி போட்டிக்கு வந்தார். தொப்பி இல்லை. நீல நிறத்தில் புது விமானம். உறுதிமொழியை மெல்லிய குரலில் சொன்னார். இந்தத் தடவை அது உண்மை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. இறக்கை முழுவதும் சுருக்கம், ஓரங்களில் துணி குமிழ்விட்டிருந்தது. பறந்தபோது ஒரு பக்கமாகவே இழுத்தது. கடைசிக்கு முந்தைய இடம்.

சித்தி போட்டியில் கலந்துகொள்ளவில்லை, பார்க்க மட்டும் வந்திருந்தாள். சிவப்பு விமானத்தை வேறு ஞாயிறுகளில் விடுவாள். எல்லாம் முடிந்து, சித்தப்பா எரிபொருள் டப்பாவை எடுக்கப் போயிருந்த நேரத்தில், அவள் அந்த நீல விமானத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு சுருக்கமாக, நுனியிலிருந்து நுனிவரை, அவசரமில்லாமல் பார்த்தாள். பிடித்த புகைப்படத்தைப் பார்க்கும் முகம்.

வேனில் ஏறியதும் சொன்னாள். "ஈரம் பத்தலை. துணியை இன்னும் நல்லா நனைச்சிருக்கணும்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சித்தி?"

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னாள்.