லெவி கட்டாத வீடுகள்

எங்கள் ஃபிளாட்டின் சுவரும் ஜன்னலும் எங்களுடையவை. கீழே இருக்கிற மண் வேறொருவருடையது, அதற்கு வாடகை உண்டு. ஆக்லாந்து நகரத்துக்குள் அந்த விலைக்கு வீடு கிடைக்கிறதே என்று வாயைப் பிளந்துகொண்டு கையெழுத்துப் போட்டோம். நிலவாடகை, லிஃப்ட், காப்பீடு, கூட்டிப் பெருக்குவது, நிர்வாகக் கம்பெனியின் கட்டணம் எல்லாம் சேர்த்து லெவி என்று வசூலிப்பார்கள் என்பது தெரியும். வருடா வருடம் அது இப்படி ஏறும் என்பதுதான் தெரியாது. விற்றுவிடலாம் என்றாலும், குத்தகை மண், லீஸ்ஹோல்ட் என்று சொன்னவுடன் வாங்க நினைத்தவர்கள் போனை வைத்துவிடுவார்கள்.

எங்களுக்கு மேல் மாடியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தனியாக இருந்தார். போரில் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தவர். நியூ லின்னில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் வாங்கிய ஃபிளாட் அது. கீழ்த்தளத்து வரவேற்பறையைப் புதுப்பிக்கப் போகிறோம், அதற்காக லெவியை ஏற்றப் போகிறோம், வீட்டுக்காரர்கள் கூட்டத்தில் ஓட்டெடுப்பு என்று ஒரு நாள் அறிவிப்பு வந்தது. அன்று சாயங்காலமே அக்கா எங்கள் சோபாவில் வந்து உட்கார்ந்தார்.

"இது கூடினா என்னால இந்த வீட்டை வச்சிருக்க ஏலாது, தங்கச்சி," என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் கணவருக்கு இந்த மாதிரிச் சண்டை என்றால் உடனே தெம்பு வந்துவிடும். சென்னையில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் அவருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கும் ஆகாது. அங்கே அவர் செய்ததெல்லாம் மெயின்டனன்ஸ் கட்டாமல் நிறுத்தியதுதான். கொஞ்ச நாளில் செயலாளரே வீடு தேடி வருவார், காபி குடிப்பார், ஏதாவது ஒரு பேச்சுக்கு வருவார். இங்கேயும் அதையே செய்யலாம் என்று கட்டிடத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களையெல்லாம் எங்கள் வீட்டுக்கு அழைத்தார்.

"யாரும் லெவி கட்டாதீங்க. பணம் வரலைன்னா அவங்களே இறங்கி வருவாங்க," என்றார்.

எல்லோரும் இட்லியைத் தின்றுகொண்டே தலையாட்டினார்கள். வரி கட்ட மறுத்தவருக்குச் சிலை வைக்கிற ஊரிலிருந்து வந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? நானும்தான் ஆட்டினேன். அக்கா மட்டும், "பாப்பம், தம்பி," என்றார். எனக்குச் சுருக்கென்றது. யாருக்காக இத்தனை பாடு?

பேசினபடி லெவியை நிறுத்திவிட்டு, மற்ற வீடுகளின் கதவையும் தட்டினோம். சீனத் தம்பதி, ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆசிரியர், தங்களுக்கும் இந்த ஏற்றம் பிடிக்கவில்லை, எதிர்த்து ஓட்டுப் போடுகிறோம் என்று எங்கள் பக்கம் வந்தார்கள். ஜெயித்துவிடுவோம் என்றே நம்பினேன். நிர்வாகக் கம்பெனியிலிருந்து காபி குடிக்க மட்டும் யாரும் வரவில்லை.

கூட்டத்தில் நிர்வாகக் கம்பெனிப் பெண் சிரித்த முகத்தோடு எழுந்து, லெவி பாக்கி உள்ள வீட்டுக்காரர்கள் ஓட்டுப் போட முடியாது, பேச வேண்டுமானால் பேசலாம் என்றாள். அதுதான் சட்டமாம். அறிவிப்பிலேயே போட்டிருந்தார்களாம். என் கணவர் எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

எதிர்ப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். சீனத் தம்பதி தூக்கினார்கள், ஆசிரியர் தூக்கினார். நாங்கள் எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் வரிசையிலிருந்து ஒரே ஒரு கை எழுந்தது. அக்காவுடையது.

"கட்டிட்டீங்களா?" என்றார் என் கணவர்.

"ஓம்," என்றார் அக்கா, அவரைப் பார்க்காமல்.

தீர்மானம் நிறைவேறியது. எங்கள் வீடுகளின் ஓட்டும் விழுந்திருந்தால் தோற்றிருக்கும். அந்த அறையில் எல்லோருக்கும் அது தெரிந்தது.

லிஃப்டில் என் கணவர், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா," என்றார்.

"எனக்காக ஓடித் திரியிறீங்கள், எப்பிடிச் சொல்லுறது, தம்பி? கட்டாமல் விட்டா எனக்கு நித்திரை வராது."

நாங்கள் பாக்கியை வட்டியோடு கட்டினோம். இரண்டு சம்பளம் வருகிற வீடு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கட்டுகிறோம். அக்கா கொஞ்ச காலம் கூடுதல் ஷிஃப்ட் பார்த்தார். பிறகு, வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாத ஒரு விலைக்கு ஃபிளாட்டைத் தள்ளிவிட்டு, நகரத்தின் தெற்கே பாபடோயிட்டோயில் ஒரு வீட்டின் பின்னறைக்கு வாடகைக்குப் போனார்.

அவர் சாமான்களை வேனில் ஏற்றிக்கொடுத்த என் கணவர், கடைசிப் பெட்டியை வைத்த பிறகும் நகராமல் நின்றார். "என்னாலதான் எல்லாம். மன்னிச்சிடுங்க, அக்கா," என்றார்.

"விடுங்கோ, தம்பி," என்றார் அக்கா. "இந்த முறை பெட்டி கட்ட நேரம் தந்திருக்கினம்."